இடுப்பளவு உயரம், இழுத்துக் கட்டக் கொக்கி!

பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் போடுபவர்களுக்கு, விளைய வைப்பதைவிட மண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. பட்டறையில் இருக்கும் சரக்குக்கு இன்றைக்கு நல்ல விலை என்று காலையில் போன் வரும். வாடகை வண்டிக்காரர், ‘நாளைக்கு வர்றேன்’ என்பார். நாளைக்கு அவர் வந்து நிற்கும்போது விலை இறங்கியிருக்கும்.

ஆலத்தூர் வட்டாரத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், இப்படி அலைந்து வெறுத்துப்போய்த்தான் சொந்த வண்டி வாங்கத் துணிந்தார். வாங்கியது டாடா ஏஸ். ஊர்ப்பேர் ‘குட்டி யானை’. முன்பணத்துக்கு மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. “ஏங்க, மாசத் தவணையை இந்த வெங்காயத்தை நம்பியா கட்டப்போறோம்?” என்று கேட்டார் மனைவி. அவரிடம் பதில் இல்லை. முதல் வாரம் முழுக்க, வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாலே கடன்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

முதல் லோடு ஏற்றிய அன்றைக்குத்தான் மனசு கொஞ்சம் இளகியது. லாரி என்றால் கீழே இரண்டு பேர் தூக்கிக் கொடுக்க, மேலே ஒருவர் நின்று வாங்க வேண்டும். இதில் சரக்குத் தளம் இடுப்புக்கு மேலே போகவில்லை. பின்கதவை இறக்கிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு முனை பிடித்து 50 கிலோ மூட்டையைத் தளத்தில் வைத்து உள்ளே தள்ளிவிட்டார்கள். ஏற்றுக்கூலி மிச்சம். தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஓரத்திலேயே கொக்கிகள் இருந்தன. வண்டிப்பாதை குறுகல்தான். ஆனாலும் பட்டறை வாசல்வரை வந்து, அங்கேயே திரும்பியது. தலைச்சுமையாகத் தூக்கி வரும் வேலையும் குறைந்தது.

இதெல்லாம் தானாக அமைந்துவிடவில்லை. முன்பெல்லாம் சிறு சரக்குக்கு மூன்று சக்கர ஆட்டோ, அதைவிட்டால் பெரிய வண்டி என்றுதான் நிலைமை இருந்தது. இந்த இடைவெளியை நிரப்ப முயன்ற டாடா மோட்டார்ஸின் கிரிஷ் வாக் தலைமையிலான குழு, மூன்று சக்கர வண்டி ஓட்டுபவர்களிடமே போய்ப் பேசியது. நாலு சக்கர வண்டி இருந்தால் தனக்குப் பெண் கிடைப்பது சுலபம் என்று கிராமத்து இளைஞர் ஒருவர் சொன்னதை, அந்த நிறுவனத்தார் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். விலையை அடக்க, இண்டிகா காரின் 1,405 சிசி நாலு சிலிண்டர் இன்ஜினைப் பாதியாக்கி, 702 சிசி இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினாகச் செய்தார்கள். 16 குதிரைத்திறன், 750 கிலோ சுமை. 2005 மே மாதம் வண்டி சந்தைக்கு வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ மாடல்கள் வந்துவிட்டன.

ஆலத்தூர்க்காரருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, நாரணமங்கலம் டயர் தொழிற்சாலையைத் தாண்டி, திருச்சி வெங்காய மண்டிக்கு விடிவதற்குள் போய்விடலாம் என்பதுதான். வெங்காயம் இல்லாத கோடையில், ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொட்டை லோடு கிடைத்தது. அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதியில், கதவும் கண்ணாடியும் உள்ள கேபினின் அருமை புரிந்தது.

ஒருமுறை விலை ஏறியிருந்த நேரத்தில், 20 மூட்டை ஏற்றிவிடலாம் என்று பார்த்தார். மனைவி 15-ஐ எண்ணிப் பின்கதவைச் சாத்திவிட்டார். “மிச்சத்தை அடுத்த நடைல கொண்டு போங்க. பிரேக் புடிக்கலைன்னா வெங்காயமா வந்து காப்பாத்தும்?” வண்டிமேல் முதலில் சந்தேகப்பட்டவர், இப்போது அதற்காகப் பேசினார். அந்த வருஷம் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. வளையல்களில் ஒரு ஜோடி திரும்பி வந்திருக்கிறது. இன்னொரு ஜோடி அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கிறது.

சரக்கு வண்டி வாங்க நினைக்கும் விவசாயிகள், ஷோரூமுக்குப் போகும்போது ஒரு மூட்டையையும் கூடவே எடுத்துப்போவது நல்லது. வீட்டில் ஏற்றி இறக்கப்போவது யாரோ, அவரே தூக்கி வைத்துப் பார்க்கட்டும். கொக்கியில் கயிற்றை மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். வண்டி திரும்பும் அகலத்தையும், தோட்டத்துப் பாதையின் அகலத்தையும் அளந்து ஒப்பிட வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. ஆனால் இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் கட்டாயம். விலைப்பட்டியல் எல்லாக் கடையிலும் கிடைக்கும். வண்டி நமக்கு ஒத்துவருமா என்பதை மூட்டைதான் சொல்லும்.