மூத்தவளின் வயல்

பிலிப்பைன்ஸ் தேசத்தில், லூஸான் தீவின் வடக்கே, மலைகளுக்குள் கியாங்கன் என்று ஓர் ஊர் இருக்கிறது. 'பாரங்காய்' எனப்படும் குக்கிராமங்கள் பல சேர்ந்த சின்ன ஊராட்சி. அங்குள்ள இஃபுகாவ் ஜனங்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. மூத்த குழந்தைக்குத்தான் நல்ல வயல். அது பிள்ளையா, பெண்ணா என்று பார்ப்பதில்லை. கல்யாணத்தின்போதே கொடுத்துவிடுவார்கள். புருஷன் சொத்தோடு அது கலப்பதும் இல்லை.

கேட்டபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அங்கே இரண்டு நாள் தங்கியதில் அது பாதியாகக் குறைந்துவிட்டது.

மணிலாவிலிருந்து ராத்திரி பூராவும் பஸ்; அப்புறம் ஜீப்னி. ஜீப்பை இழுத்து நீட்டி, கோயில் தேர் மாதிரி வர்ணம் பூசிய வண்டி அது. அந்தப் பிரயாணத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்!

நான் தங்கிய வீட்டு அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அக்காவை அந்த நாட்டில் 'ஆத்தே' என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பயந்துபோய் அலறுவதுபோல் நம் காதுக்குப் படும். போகப் போகப் பழகிவிட்டது.

ஆத்தேயின் வயல் நாகாகடானில் இருக்கிறது. நடுவே ஆறு, இரு புறமும் மலைச்சரிவில் படிப்படியாக வயல்கள். 1995-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற ஐந்து படிவயல் தொகுதிகளில் இதுவும் ஒன்று. இவற்றுக்கு வயது ஈராயிரம் வருஷம் என்று புஸ்தகங்கள் சொல்லி வந்தன. பழைய கியாங்கனில் தோண்டிப் பார்த்தவர்களோ, நானூறு வருஷம்தான் இருக்கும் என்கிறார்கள். ஆத்தேயிடம் சொன்னேன்.

"எத்தனை வருஷமானால் என்ன? சுவர் இடிந்தால் நாங்கள்தானே கட்ட வேண்டும்?" என்றாள்.

அந்தச் சுவரில்தான் எல்லாமே இருக்கிறது. மேலே காட்டில் ஊறும் தண்ணீர் ஒவ்வொரு வயலாக நிரம்பிக் கீழே இறங்குகிறது. ஒருத்தி வயலைத் தரிசாக விட்டால் மண் காய்ந்து வெடிக்கும், பெரிய மண்புழுக்கள் குடைந்துவிடும், சுவர் சரியும். அதோடு அவள் நஷ்டம் தீர்ந்ததா? கீழ் வயல்காரிக்கும் தண்ணீர் போயிற்று. இப்படிப் பல வயல்கள் பாழானதால்தான் 2001-ல் யுனெஸ்கோ இவற்றை ஆபத்துப் பட்டியலில் வைத்தது. செப்பனிட்ட பிறகு, 2012-ல் எடுத்தது.

இங்கே விளையும் 'தினாவோன்' நெல் வருஷத்துக்கு ஒரு போகம்தான். விதைக் கதிரைப் பொறுக்குவதும் பெண்கள். உள்ளங்கையில் அடங்கும் கத்தியால் ஒவ்வொரு கதிராக அறுப்பதும் பெண்கள். ருசி அபாரம். ஆனால் அதை நம்பித் தம்பி தங்கைகளைப் படிக்க வைக்க முடியுமா?

ஆகவே ஆத்தேயின் மூத்த பெண் ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். தம்பிகள் இருவரின் படிப்பும் அவள் அனுப்பும் பணத்தில்தான். நல்ல வயலும் மூத்தவளுக்கு. ஊரை விட்டுப் போவதும் மூத்தவள். அவளுடைய எட்டு வயதுப் பெண் பாட்டியிடம் வளர்கிறாள்.

அறுவடையில் ஆத்தேதான் 'ஹூட்ஹூட்' பாட்டுக்கு முன்பாட்டுக்காரி. அவள் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். ஒரு கதை முழுவதையும் பாட நாட்கணக்காகும். அலிகுயோன் என்ற வீரன் எதிரியோடு மூன்று வருஷம் சண்டை போட்டு, கடைசியில் அவன் தங்கையையே மணந்து சமாதானமாகிறான். எதிரி இவன் தங்கையை மணக்கிறான். (அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றேன். ஆத்தே சிரிக்கவில்லை.) இப்போது பள்ளிக்கூடத்திலும் குழந்தைகளுக்குக் கற்றுத் தருகிறார்கள்.

அன்று ராத்திரி ஹாங்காங்கிலிருந்து அழைப்பு வந்தது. பேத்தி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, கற்ற பாட்டை வெட்கத்தோடு பாடிக் காட்டினாள். திரையில் தெரிந்த முகம் முழுவதையும் கேட்டது. பிறகு ஏதோ கேட்டது. என்ன என்று ஆத்தேயைப் பார்த்தேன்.

"மழைக்குக் கீழ்ச் சுவர் நிற்கிறதா என்கிறாள்."