ஈரக் கையால் புரட்டத்தக்க ஒரு நூல்

களப்பணியில் திரட்டிய சொற்களை அவற்றைத் தந்தவர்களிடம் எந்த வடிவில் திருப்பி அளிப்பது என்ற வினா, மொழி ஆவணப்படுத்தலில் ஈடுபட்டுள்ள நம் அனைவருக்கும் பொதுவானது. ஆய்வேடு அவர்களுக்குப் பயன்படாது. ஒலிப்பதிவுகள் ஏதோவொரு காப்பகத்தில் உறங்கும். சென்ற மாதம் முதன்முறையாக அக்ரிலிக் தாள்களால் ஒரு தொகுப்பேடு செய்து பார்த்தேன். அதன் செய்முறையையும் அது எழுப்பிய வினாவையும் நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் இங்குப் பதிவு செய்கிறேன்.

என் களம் மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியில், வெளி பகுதியில் உள்ள சலவைத்துறை. தோபி கானா என்றால் ஊரில் எவரும் வழிகாட்டுவர். அங்குத் தொழில் செய்யும் வண்ணார் சமூகத்தினர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். டச்சுக்காரர்கள் 1663இல் கொச்சியைக் கைப்பற்றி 1795 வரை வைத்திருந்தனர். அக்காலத்தில் படைவீரர்களின் சீருடைகளை வெளுக்கத் தங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டனர் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. இப்போதுள்ள துறையைப் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976இல் கட்டிக் கொடுத்தது. தொட்டியும் கல்லும் கொண்ட தடுப்பறைகள், இரட்டையாக முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே முனைகளைச் செருகிக் கவ்வி இல்லாமலே உலர்த்தும் கொடிகள், கஞ்சிப் பசை, கரி இஸ்திரிப் பெட்டி என அங்கு ஒவ்வொன்றும் ஒரு சொல்லைத் தாங்கி நிற்கிறது.

தாளில் அச்சிட்ட சிறுநூலாகவே முதலில் திட்டமிட்டேன். அதைக் கேட்ட பெரியவர் ஒருவர், "தம்பி, எங்க கை எப்பவும் ஈரம். உங்க புஸ்தகம் ரெண்டு நாள் தாங்காது" என்றார். அவர் சொன்னதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆலுவாவில் பெரியாற்றங்கரையில் நான் தங்கியிருக்கும் அறையிலேயே மழைக்காலத்தில் புத்தகங்களில் பூஞ்சணம் படரும். சலவைத்துறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே நீர் பட்டால் துடைத்துக்கொள்ளத்தக்க ஒன்றைத் தேடி அக்ரிலிக்கை அடைந்தேன். 1930களில் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சந்தைக்கு வந்த பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் இந்தப் பொருள் கண்ணாடியைவிடத் தெளிவானது. எடையோ அதில் பாதிதான்.

எர்ணாகுளத்தில் பெயர்ப்பலகை செய்யும் ஒரு கடையில் 2 மி.மீ. தடிமனில், 148 மி.மீ. அகலமும் 210 மி.மீ. உயரமுமாகப் பதின்மூன்று தாள்களை வெட்டி வாங்கினேன். லேசர் கொண்டு வெட்டுவதால் விளிம்பு மழுங்கியிருக்கும், கையைக் கிழிக்காது. வளையங்களுக்கான துளைகளையும் அங்கேயே இட்டுக்கொண்டேன். துளை விளிம்பை ஒட்டி அமைந்தால் புரட்டும்போது அவ்விடத்தில் விரிசல் காணும். ஒரு தாள் ஏறக்குறைய 74 கிராம். பதின்மூன்றும் சேர்ந்தால் ஒரு கிலோவிற்குச் சற்றுக் குறைவு. இதற்குமேல் கூட்டினால் ஒரு கையால் புரட்ட இயலாது. ஆகவே நான்கு சொற்களோடு நிறுத்திக்கொண்டேன். சொல்லுக்கு மூன்று தாள்கள்: ஒன்றில் மலையாள எழுத்து, ஒன்றில் தமிழ் எழுத்து, ஒன்றில் பொருளின் கோட்டோவியம். எஞ்சிய ஒன்று காலித்தாள்.

பாதுகாப்புப் படலத்தை உரித்தவுடன் நிலைமின்னேற்றத்தால் அறையின் தூசி முழுவதும் தாளில் வந்து ஒட்டுகிறது. சோப்பு கலந்த நீரும் மென்துணியுமே இதற்குப் போதும். ஸ்பிரிட், தின்னர் போன்றவை பட்டால் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றிவிடும். எழுத எனாமல் மைப் பேனா. மை விரலில் தேயாமலிருக்க ஒவ்வொரு தாளின் பின்புறத்திலிருந்து எழுதினேன். படிப்பவர் விரல் வழவழப்பான முன்புறத்தில் மட்டுமே படும். அடுத்த தாளோடு உரசாதிருக்க மூலைகளில் சிறு ரப்பர் பொட்டுகள்.

பின்புறத்திலிருந்து எழுதுவதென்றால் எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதவேண்டும். திருப்பி அச்சிட்ட படியை அடியில் வைத்துத் தடம் பற்றி எழுதினேன். கை பழகிய வழக்கம் உதவாத நிலையில், ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் புதிதாகப் பார்க்கவேண்டியிருந்தது. தெளிந்த தாளில் மற்றொரு சிக்கலும் உண்டு: அடுத்த சொல்லின் பக்கங்களும் ஊடுருவித் தெரியும். இதற்குத் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியர்களின் முறை கைகொடுத்தது. அவர்களும் பின்புறத்திலிருந்தே வரைவர். முன்னே தெரியவேண்டிய நுணுக்கங்களை முதலிலும் பின்னணியை இறுதியிலும் தீட்டுவர். அவ்வாறே கோட்டோவியத் தாளின் பின்னே இறுதியாக வெள்ளை பூசினேன். மூன்று தாள்களும் படிந்திருக்கும்போது தமிழ்ச் சொல், அதன் கீழே மலையாளச் சொல், அடியில் படம் என ஒரே பக்கமாகத் தெரிகின்றன.

நான்கு சொற்களும் நான்கு வகை உறவைக் காட்டுபவை. துவைகல்லுக்கு மலையாளத்தில் அலக்குகல்லு, வினையடியே வேறு. கயிறு அங்குக் கயர். ஒரே வேரின் இரு வடிவங்கள், ஆங்கிலத்திற்கும் இச்சொல் மலையாளம் வழியே சென்றது. கஞ்சி, கஞ்ஞியாகிறது. ஏ. ஆர். ராஜராஜ வர்மா 1896இல் வெளியிட்ட கேரள பாணினீயத்தில் இம்மாற்றத்தை அனுநாசிகாதிப்பிரசரம் என்று பெயரிட்டு, மலையாளத்தைத் தமிழிலிருந்து பிரித்துக்காட்டும் ஆறு நெறிகளுள் ஒன்றாக வைத்தார். நான்காவதான இஸ்திரி இரு மொழிகளிலும் உண்டு. நீட்டி விரித்தல் என்னும் பொருளுடைய போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்ததாகக் கொள்ளப்படுவது.

தொகுப்பேட்டைக் கொண்டுசென்ற அன்று, பெரியவரின் பேத்தியும் அங்கிருந்தார். கல்லூரியில் வணிகவியல் படிக்கிறார். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. சிறிது நேரம் புரட்டிவிட்டு, "அண்ணா, இந்த வேலையை விட்டு வெளியே போகத்தான் நான் படிக்கிறேன். இந்த வார்த்தைகளை நான் ஏன் வெச்சுக்கணும்?" என்று கேட்டார். நெறிமுறை குறித்த எந்தப் பாடநூலிலும் இதற்கு விடை இல்லை. சாதியோடு பிணைக்கப்பட்ட ஒரு தொழிலின் சொற்களை மரபுச்செல்வம் என்று அழைக்கும் உரிமை, அத்தொழிலைச் செய்ய நேராத எனக்கு எளிதாக வாய்த்துவிடுகிறது. வைத்துக்கொள்ளவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இது தாத்தாவிடம் இருக்கும், வேண்டாதபோது வளையத்தைத் திறந்து எந்தத் தாளையும் எடுத்துவிடலாம் என்று மட்டும் கூறினேன்.

பெரியவர் ஈரக் கையுடனே கயிற்றுப் பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்தார். பேத்தி மலையாள வரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, முதலிரண்டு எழுத்துகளும் ஏறக்குறைய ஒரே சாயல் என்று கண்டுகொண்டார். கவும் யவும் அவ்வாறு அவருக்கு அறிமுகமாயின. பிறகு காலித்தாளைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அதில் என்ன எழுதுவது என்பதைத் தாமே முடிவு செய்வதாகச் சொன்னார். அது இன்னும் என்னிடம் திரும்பவில்லை. திரும்பவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தொழிற்சொற்களைத் திரட்டும் ஆய்வாளர்கள் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதை அறிய விரும்புகிறேன். அச்சொற்கள் இழிவின் நினைவையும் சேர்த்துச் சுமக்கும்போது, திருப்பி அளித்தல் என்பதன் பொருள் என்ன? களத்தில் நீங்கள் கேட்ட மறுமொழிகளைக் கருத்துப் பகுதியில் பகிர்ந்தால் நன்றியுடையவனாவேன். செய்முறை குறித்த ஐயங்களுக்கும் இயன்றவரை விடையளிக்கிறேன்.