இறங்காமல் ஓட்டு, கண்ணு

அதியமான்கோட்டையில் சாலைக்குப் பஞ்சமில்லை. சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி போகும் தேசிய நெடுஞ்சாலை 44 இங்கே போகிறது. பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் சாலையும் இங்கிருந்துதான் பிரிகிறது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு சைக்கிள் பழக்க இவை உதவாது. அதற்கு லாரி வராத ஒரு தெரு வேண்டும். கூடவே ஓட ஓர் ஆள் வேண்டும். 'இறங்கு' என்று சொல்ல யாரும் இருக்கக் கூடாது. இந்த மூன்றாவது, நம் மக்களுக்குப் பல ஊர்களில் தாமதமாகத்தான் கிடைத்தது.

எங்கள் அப்பாக்கள் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள். நன்றாகவே ஓட்டுவார்கள். ஆனால் ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கிவிடுவார்கள். கேரியரில் உட்கார்ந்திருக்கும் எங்களையும் இறக்கி நடத்திக் கூட்டிப்போவார்கள். "ஏம்பா இறங்கணும்?" என்று கேட்டால், "பேசாம நட கண்ணு" என்பதுதான் பதில். தெரு முடிந்ததும் மறுபடி ஏறிக்கொள்வோம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமாக இருந்தால் சட்டத்தில் ஏறியிருக்காது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் ஒரு திருத்தம் வந்தது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் உள்ளது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ, செருப்பு, புதுத்துணி அணிவதையோ தடுத்தால் குற்றம் என்று அது சொல்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. சைக்கிள் என்ற சொல்லை நாடாளுமன்றமே தனியாக எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது, தோழர்களே.

சைக்கிள் மேல் ஏன் இத்தனை ஆத்திரம்? அதில் ஏறியவர் குனிந்து போக முடியாது. பள்ளிக்கும், உள்ளூர்ப் பண்ணையாரை நம்பாத வெளியூர் வேலைக்கும் அது கொண்டுபோய்ச் சேர்க்கும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது இதனால்தான். தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டமும் 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காகத்தான் தொடங்கியது.

எங்கள் மகளுக்கு முதலில் காலனித் தெருவில் பழக்கினோம். சைடு வீலைக் கழற்றினோம், பெடலையும் கழற்றினோம். இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்கினோம். காலால் உந்தி உந்தி அவளே நிதானத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் பெடலை மாட்டினோம். ஹேண்டில்பாரை நாங்கள் தொடவில்லை. சாயும் பக்கம் திருப்பித்தான் சைக்கிள் நிமிர்கிறது. அதைப் பெரியவர் பிடித்தால் பிள்ளைக்கு அந்த வித்தை வராது. சீட்டின் பின்பக்கம் மட்டும் பிடித்து ஓடினோம். "உட்டுடாதப்பா" என்று அவள் கத்தும்போதே அப்பாவின் கை எடுபட்டிருந்தது.

சாலையில் கூட ஓடுவது அடுத்த பாடம். பிள்ளை இடது ஓரம், வண்டி வரும் வலது பக்கம் நாம். கொஞ்ச நாளில் அவள் நம்மை முந்திவிடுவாள். அதனால் 'அந்த வேப்பமரத்துல நில்லு' என்று முன்பே பேசி வைக்க வேண்டும். பிரேக் பிடித்து நிற்கத் தெரிந்த பிறகே சாலை.

எந்தச் சாலை என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். காலனியே போதும் என்றார் ஒருவர். பள்ளிக்கூடம் ஊர்த்தெருவைத் தாண்டித்தானே இருக்கிறது என்றார் மற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தெருவுக்குள் அவள் ஓட்டிப் போக, ஆளுக்கொரு நேரம் மூச்சு வாங்க ஓடினோம். திண்ணையிலிருந்து ஒரு குரல், "யாரு வூட்டுப் புள்ள?" அந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்று நமக்குத் தெரியும். "எங்க வூட்டுப் புள்ளதாங்க" என்று ஓடிக்கொண்டே சொன்னோம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரு முடிவில் பிரேக் பிடித்து நின்று, "ஏன் இவ்ளோ மெதுவா வர்றீங்க?" என்றாள்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். யாரையாவது சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்னால் நாள், நேரம், இடம், சாட்சி நான்கையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். கட்டப் பஞ்சாயத்துக்குப் போகாமல் எழுத்தில் புகார் கொடுங்கள். வழக்குப் பதிய வேண்டிய கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கும் இதே சட்டத்தின் 4ஆம் பிரிவில் தண்டனை உண்டு. விடுமுறை நாளில் காலனிப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் ஓடுங்கள். ஊர்த்தெரு வழியாகவும் ஓடுங்கள்.