நிறுத்தி வைத்த காரில் தொடரும் செலவு

சாவியைத் திருப்பிக் காரின் இயந்திரத்தை நிறுத்தியதும் அதனுள் எல்லாம் அடங்கிவிட்டதாகவே பெரும்பாலோர் கருதுகின்றனர். உண்மையில் அப்போது அடங்குபவை இயந்திரமும், அதனோடு சுழன்று பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரும்தான். கடிகாரம், திருட்டு எச்சரிக்கை அமைப்பு, ரிமோட் சாவியின் அழைப்புக்குக் காத்திருக்கும் பூட்டு, கட்டுப்பாட்டுக் கணினிகளின் நினைவகம் ஆகியவை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சிறிது மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. ஏறத்தாழ 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும்வரை இதனை இயல்பான செலவாகவே மெக்கானிக்குகள் கொள்வர். வரவு நின்று செலவு மட்டும் தொடரும் இந்த நிலையில், உரிமையாளர் தம் கையால் செருகிவைக்கும் துணைக்கருவிகளின் பங்கு பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை.

காரில் பேட்டரிக்குரிய முதன்மையான கடமை இயந்திரத்தை எழுப்புவது. 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் இடம்பெற்றது. அதற்கு முன், வண்டியின் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டியிருந்தது. அது பின்னோக்கி உதைத்துக் கை முறிவதும் உண்டு. இன்று அதே பேட்டரியிடம் பிற கருவிகளும் பங்கு கேட்கின்றன. சிகரெட் பற்றவைப்பதற்காக அமைந்த சாக்கெட்டில் இப்போது செல்பேசி சார்ஜரும் டேஷ்கேமும் செருகப்படுகின்றன. சில கார்களில் சாவியை எடுத்ததும் இந்தச் சாக்கெட்டுக்கு மின்சாரம் நின்றுவிடும். வேறு சிலவற்றில் நிற்காது. ஸ்டியரிங்கின் கீழே உள்ள ஓபிடி போர்ட்டில் எப்போதும் மின்சாரம் இருக்கும். பழுது பார்க்கும் கருவிக்காக ஏற்பட்ட அந்த இடத்தில்தான் பலர் ஜிபிஎஸ் டிராக்கரை நிரந்தரமாகச் செருகிவிடுகின்றனர்.

தில்லியில் ஒரு பல்கலைக்கழகக் குடியிருப்பில் வசிக்கும் பொருளியல் பேராசிரியர் ஒருவர், குளிர்கால விடுமுறைக்குக் குடும்பத்துடன் வெளியூர் சென்று 21 நாள் கழித்துத் திரும்பினார். மறுநாள் அதிகாலை நான்கு மணிக்கு அவருடைய தாயாருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. ரிமோட்டை அழுத்தியும் காரின் கதவு திறக்கவில்லை. சாவியை நுழைத்துத் திறந்து உள்ளே அமர்ந்தபோது முகப்பு விளக்குகள்கூட எரியவில்லை. மூடுபனியில் வாடகைக் கார் எதுவும் வர இசையவில்லை. எதிர்வீட்டு வேதியியல் பேராசிரியை சால்வையைப் போர்த்தியபடி இறங்கி வந்து, "வண்டியை அப்புறம் பார்க்கலாம் சார், முதலில் அம்மாவை என் காரில் ஏற்றுங்கள்" என்றார். மருத்துவமனையில் தாயார் தேறினார். மூன்றாம் நாள் வீடு திரும்பினார். வீணானது இருபது நிமிடம். ஆயினும் பேராசிரியரின் மனத்தை விட்டு அது அகலவில்லை. துறைக்கு நடந்தே செல்பவர் அவர். அந்தக் கார் வாங்கப்பட்டதே இத்தகைய இரவுகளை எண்ணித்தான்.

பேட்டரிக்கு முழுமையாகச் சார்ஜ் ஏற்றிய பின், மின்பொறியியல் ஆய்வு மாணவர் ஒருவர் மல்டிமீட்டருடன் வந்தார். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை இணைத்து, காரைப் பூட்டி, உள்ளிருக்கும் கணினிகள் உறங்கும்வரை அரைமணி நேரம் காத்திருந்தார். பிறகு கருவிகளை ஒவ்வொன்றாக அகற்றி அளந்தார். கார் மட்டும் எடுத்தது 30 மில்லி ஆம்பியர். எண் காட்டும் சிறு திரை கொண்ட சார்ஜர், செல்பேசி எதுவும் இணைக்கப்படாத நிலையிலேயே 15 எடுத்தது. டிராக்கர் 60 எடுத்தது. "சார், இதில் எதிலும் கோளாறு இல்லை" என்பதே அந்த மாணவரின் முடிவு. பேட்டரி நல்லது, கார் நல்லது, இரு கருவிகளும் நல்லவை.

கோளாறு இல்லாமலேயே கார் செயலிழந்தது எப்படி என்பதைக் கூட்டல் சொல்லும். அந்தப் பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர்-மணி. கார் மட்டும் இருந்திருந்தால் நாளொன்றுக்கு 0.72 வீதம் 21 நாளில் 15 ஆம்பியர்-மணி செலவாகி, பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும். மூன்றும் சேர்ந்தபோது 105 மில்லி ஆம்பியர். அதாவது நாளொன்றுக்கு 2.52 ஆம்பியர்-மணி. பதினான்காம் நாளிலேயே பேட்டரி வறண்டுவிடும். இன்னொரு ஒப்பீடும் உண்டு. சிறிய காரின் ஸ்டார்ட்டர் ஏறத்தாழ 150 ஆம்பியர் எடுத்தாலும் அதன் வேலை இரண்டு நொடியில் முடிகிறது, செலவு 0.08 ஆம்பியர்-மணி மட்டுமே. 15 மில்லி ஆம்பியர் சார்ஜர் ஒரே நாளில் செலவிடுவது 0.36. நான்கு முறை இயந்திரத்தை எழுப்பப் போதுமான மின்சாரம், எவருக்கும் பயன்படாத ஒரு சிறு திரைக்குப் போய்ச் சேர்கிறது.

கருவியைச் செய்தவர் தம் கருவி எடுப்பது அற்பம் என்கிறார், அது உண்மை. காரைச் செய்தவர் தாம் பொருத்தியவற்றுக்கு மட்டுமே கணக்குப் போட்டிருக்கிறார், அதுவும் முறையே. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. ஆகவே அது உரிமையாளரிடமே வந்து சேர்கிறது. செருகும் கருவிகள் அனைத்தும் இப்படித்தான் என்றும் கொள்ள வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி முதல் சுங்கச் சாவடிகளில் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டேக் வில்லையில் பேட்டரியே கிடையாது. சாவடியின் கருவி வீசும் ரேடியோ அலையிலிருந்தே தனக்கு வேண்டிய ஆற்றலை அது பெறுகிறது. காரிடமிருந்து எதையும் கேட்பதில்லை.

வளாகவாசிகளின் கார்களுக்கு இந்தச் சிக்கல் கூடுதலாக நேர்வதற்குக் காரணம் உண்டு. வீடும் துறையும் அருகருகே இருப்பதால் வண்டி பல நாள் நின்றே கிடக்கிறது. ஓடினாலும் பத்து நிமிடமே ஓடுகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் இழந்தது முழுவதும் திரும்புவதில்லை. வட இந்தியக் குளிரில் பேட்டரி தரக்கூடிய மின்சாரம் குறைகிறது. எண்ணெய் கெட்டியாவதால் இயந்திரம் கேட்பதோ அதிகமாகிறது. மேலும், கார் பேட்டரியின் மெல்லிய ஈயத் தகடுகள் குறுகிய நேரத்தில் பெரும் மின்சாரம் தருவதற்காக அமைந்தவை. வறளும்வரை வடிப்பதற்கு அல்ல. வறண்ட நிலையில் விடப்பட்டால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிக் கொள்ளளவு குறைந்துவிடும். ஜம்ப் ஸ்டார்ட் செய்து வண்டியை ஓட்டிவிடலாம். அந்த இழப்பு முழுமையாக மீளாது.

செய்யக்கூடியவை எளியவை. சார்ஜரைச் செருகிக் காரைப் பூட்டி, அரைமணி கழித்து அதன் விளக்கு எரிகிறதா என்று கண்ணாடி வழியே பார்த்தால் சாக்கெட்டின் இயல்பு தெரிந்துவிடும். எரிந்தால், இறங்கும்போது கழற்றிவிட வேண்டும். நிறுத்திய பின்னும் பதிவுசெய்யும் டேஷ்கேமை, மின்னழுத்தம் குறைந்ததும் தானே துண்டிக்கும் இணைப்புடன் பொருத்தலாம்; ஓய்வில் 12.6 வோல்ட் நிறைவையும் 12.2 வோல்ட் ஏறத்தாழப் பாதியையும் குறிக்கும் என்பதால், துண்டிக்கும் அளவை 12.2க்குக் கீழே வைப்பது உகந்ததன்று. இரு வாரத்துக்கு மேல் ஊரில் இல்லாதபோது நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவைக்கலாம். அப்போது ரிமோட்டும் திருட்டு எச்சரிக்கையும் இயங்கா என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நம்பகமான ஒருவர் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டுவது இன்னும் நல்லது. மின்சாரக் கார் வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். அவற்றுள் பெரும்பாலானவற்றில் தனியே ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது வறண்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி விழிக்காது.

டிராக்கரும் டேஷ்கேமும் பாதுகாப்புக்காகவே வாங்கப்படுகின்றன. திருட்டு அச்சம் பொய்யானதன்று. அதனைப் பரிகசிக்கவும் இடமில்லை. ஆனால், காவலர் நிற்கும் வளாகத்துக்குள் மூன்று வாரம் நிற்கப்போகும் கார் களவுபோகும் வாய்ப்பையும், திரும்பி வந்த இரவில் அது தேவைப்படும் வாய்ப்பையும் ஒருங்கே எடைபோட்ட பின்னரே எதைச் செருகிவைப்பது, எதைக் கழற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். முதியவரோ குழந்தையோ உள்ள வீட்டில் இந்த முடிவு, பயணப் பெட்டியைக் கட்டுவதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டியது.