நக்தும் நாணயமும்

அரபியில் ‘நக்து’ என்னும் சொல் ரொக்கப் பணத்தையும் குறிக்கும். ஒன்றன் தரத்தை ஆய்ந்து கூறுவதையும் குறிக்கும். நல்ல திர்ஹத்தினின்று கள்ளத் திர்ஹத்தைப் பிரித்தறிந்தவனுக்கு ‘நாகித்’ என்று பெயர். பின்னர் கவிதையை ஆய்வோரும் ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோட்ட இமாம்களும் அப்பெயரைப் பெற்றனர். தமிழிலோ ‘நாணயம்’ என்றால் காசும் ஆகும், நேர்மையும் ஆகும். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு வரும் ‘வண்ணக்கன்’ என்பது காசு நோட்டம் பார்ப்பவனையே சுட்டும். இரு மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் காணுந்தோறும் நமக்கு வியப்பே.

இந்நோட்டத்தை இன்று எண்ணிட்டு நடத்துவோர் அமெரிக்கர். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியல் அறிஞர், தம் நாட்டுப் பழைய செப்புச் செண்டுகளுக்கு 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். தேய்ந்து உருத்தெரியாத காசு 1 டாலர் பெறுமானால் குறையற்றது 70 டாலர் பெறும் என்பது அவர் கணக்கு. விலைகள் மாறின, கணக்கு பொய்த்தது, எண் மட்டும் நிலைத்துவிட்டது. 1980களின் நடுவில் எழுந்த தனியார் தரநிறுவனங்கள் அவ்வெண்ணையே பிளாஸ்டிக் பேழையில் பொறித்து, காசை உள்ளே அடைத்துத் தருகின்றன. 60க்குக் கீழே தேய்மானம் பேசும். 60 முதல் 70 வரை தேயாத காசுகள். அவற்றுள் உயர்வு தாழ்வு காண அச்சின் அழுத்தம், பரப்பின் கீறல்கள், ஒளி, கண்கவர் தன்மை ஆகியவற்றைப் பார்க்கின்றனர்.

இவற்றுள் ஒளிதான் நுட்பமானது. அச்சு ஓங்கி விழும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்ச்சியின் மெல்லிய வரிகளே ஒளியைச் சுழற்றிக் காட்டுகின்றன. காஞ்சிப் பட்டில் மயில்கழுத்து நிறத்தைச் சாய்த்துப் பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். சாய்க்கச் சாய்க்க ஒன்று மற்றொன்றாகும். காசைத் தேய்த்து மெருகேற்றினால் அவ்வரிகள் அழியும். பளபளப்பு வரும், ஒளி வராது.

ஏனாத்தூரில் தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தம் பாட்டியாரின் மஹர்ப் பணம் என்று ஐந்து வெள்ளி ரூபாய்களைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். ஒன்று புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கப்பெற்று மின்னியது. மற்றவை கறுத்திருந்தன. “ஹஜ்ரத், இந்த நாலையும் பத்தரிடம் கொடுத்து வெளுப்பாக்கி, மகள் நிக்காஹுக்குப் போட்டுவிடலாமா?” என்றார். பொறுங்கள் என்றோம்.

அவை ஆற்காட்டு ரூபாய்கள். எழுத்து பார்ஸி, பெயர் இரண்டாம் ஆலம்கீருடையது, ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6. ஆனால் அக்கணக்கை நம்பி அவற்றை 1758க்கு உரியவை என்று கொள்ளலாகாது. அந்தப் பாதுஷா 1759இல் கொல்லப்பட்ட பின்னரும், கும்பினியார் அதே பெயரையும் ஆண்டையும் வைத்தே பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அச்சிட்டனர். தாமரை முத்திரை சென்னைச் சாலையைக் காட்டும். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரும் ஆற்காட்டின் பெயரிலேயே அடித்தனர். அவர்கள் இட்டது பிறை. அரபி எழுத்தறிந்த நம்மவருக்கு இவ்வளவும் எளிது. எழுத்தைப் படிப்பது வேறு, தரம் காண்பது வேறு.

கறுத்தவற்றுள் ஒன்றில் எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக நின்றன. ‘ஆற்காடு’ என்னும் பெயரும் ஆண்டும் முழுமையாக விழுந்திருந்தன. பழைய அச்சு காசைவிடப் பெரிதாதலால் ஊர்ப்பெயரோ ஆண்டோ விளிம்புக்கு வெளியே போய்விடுவது வழக்கம். இரண்டும் விழுவது பேறு. மற்றொன்றில் சராப்புகள் வெள்ளியைச் சோதிக்கக் குத்திய சிறு குறிகள் இருந்தன. வேறொன்றில் தாயத்துக்காகக் கொளுவி பற்றவைத்த வடு. நான்காவது கைபட்டுத் தேய்ந்தது. ஆயினும் அது நேர்மையான தேய்வு. மின்னியதைக் கடைசியில் வைத்தோம். நண்பர் முகம் வாடிற்று. ஆனால் பத்தரிடம் போகவில்லை.

கறுப்பு, வெள்ளியின்மீது காற்றிலுள்ள கந்தகம் படிய உண்டாவது; அது அழுக்கன்று. அமெரிக்காவில் பைகளில் நெடுங்காலம் கிடந்து வானவில் நிறம் ஏறிய வெள்ளி டாலர்களுக்கு மிகைவிலை கொடுப்போர் உளர். எனினும் அவர்தம் எண்ணை நம் காசின்மேல் அப்படியே ஏற்றுவதில் நமக்கு உடன்பாடில்லை. எந்திரத்தில் ஒன்றுபோல் விழுந்த டாலருக்கு 64, 65 என்று பிரிப்பது பொருந்தும். கையால் அடித்த ரூபாயில், ஊர்ப்பெயர் முழுதாக விழுந்ததா என்பதை அவ்வெண் சொல்லாது.

விற்க நினைப்போர்க்கு ஒரு சொல்: வெள்ளிக்கு வெள்ளி மாற்றினால் எடை சமமாக இருத்தல் ஃபிக்ஹு விதி. ஆதலின் அழகிய காசைக் கொடுத்து எடை மிகுந்த கொலுசு வாங்காமல், விலையை ரூபாயாகப் பெறுக. நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது; அமெரிக்கப் பேழைக்கு ஆசைப்படுவோர் அதனை அறிந்திருத்தல் நலம். அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த புதையலாயின், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர்க்குச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுதி உண்டு.