முதல் சாவி யாரு கையில?

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஜிஎஸ்டி ரோட்டை விட்டு கொஞ்சம் உள்ளே போனா, எங்கேயாவது ஒரு புது வீடு எழும்பிக்கிட்டுதான் இருக்கும். வேலை முடியற வரைக்கும் வாசக்கதவு சாவி மேஸ்திரிகிட்ட ஒண்ணு, பெயின்டர்கிட்ட ஒண்ணுன்னு சுத்தும். அவங்க யாரும் திருடங்க இல்லை. ஆனாலும் பால் காய்ச்சி குடி போறதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்க சொல்றது ஒண்ணுதான்: "மொதல்ல பூட்டை மாத்துடா."

சர்வர்ல இந்தப் பூட்டு மாத்துற வேலையைத்தான் நம்மாளுங்க மறந்துடறாங்க. (பொட்டி தட்டாதவங்களும் தைரியமா படிக்கலாம் :-))

கையால லினக்ஸ் போடும்போது இன்ஸ்டாலர் நடுவுல நிறுத்திக் கேக்கும். ரூட் பாஸ்வேர்டு என்ன? முதல் யூசர் பேர் என்ன? ஒரு மிஷின்னா உக்காந்து தட்டிடலாம். 100 சர்வர்னா? அதுக்குத்தான் எல்லாக் கேள்விக்கும் பதிலை முன்னாடியே எழுதி வெச்ச ஒரு ஃபைல். ரெட் ஹாட் குடும்பத்துல அதுக்குப் பேரு கிக்ஸ்டார்ட், டெபியன்ல பிரிசீட், கிளவுட்ல கிளவுட்-இனிட். அந்தப் பதில்கள்ல பாஸ்வேர்டும் ஒண்ணு. வம்பு அங்கதான் ஆரம்பம்.

புது மிஷின் பூட் ஆனதும் அந்த ஃபைலை நெட்வொர்க்ல தேடி எடுத்துக்கணும். அதனால பெரும்பாலும் அது லாகின் கேக்காத ஒரு வெப் சர்வர்ல கிடக்கும். அந்த நெட்வொர்க்ல இருக்கிற யார் வேணாலும் படிக்கலாம். பாஸ்வேர்டை அப்படியே எழுதாம ஹாஷ் பண்ணிப் போடலாம்தான். ஆனா 100 மிஷினுக்கும் ஒரே ஹாஷ். ஒண்ணு உடைஞ்சா 100-ம் திறந்துக்கும்.

இன்ஸ்டாலரே காட்டிக் கொடுத்த கதையும் உண்டு. 2005 அக்டோபர்ல வந்த உபுண்டு 5.10. உபுண்டுல ரூட் லாகின் மூடியே இருக்கும், சூடோ அதிகாரம் முதல் யூசருக்குத்தான். அந்த முதல் யூசரோட பாஸ்வேர்டை இன்ஸ்டாலர் ஒரு லாக் ஃபைல்ல பச்சையா எழுதி வெச்சிருந்துச்சு. மிஷின்ல அக்கவுண்ட் இருக்கிற எவரும் படிக்கலாம். 2006 மார்ச்ல கண்டுபிடிச்சு சரி பண்ணாங்க. ராஸ்பெர்ரி பை கூட 'பை' என்கிற பொது யூசரை 2022 ஏப்ரல்லதான் தூக்கினாங்க.

பாஸ்வேர்டாவது மாத்திக்கலாம். பேர் இருக்கே, அது இன்னும் மோசம்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு ஆபீஸ்ல கிக்ஸ்டார்ட் ஃபைல் எழுதினது ஒரு சீனியர் அண்ணன். சிங்கப்பெருமாள் கோவில்லேர்ந்து செங்கல்பட்டு லோக்கல் பிடிச்சு வருவார். முதல் யூசருக்கு அவர் பேரையே வெச்சுட்டார். அப்புறம் வேற கம்பெனிக்குப் போயிட்டார். அவர் போனாலும் அவர் பேர்ல சர்வர் பொறந்துக்கிட்டே இருந்துச்சு. பாஸ்வேர்டு பாதி ஃப்ளோருக்குத் தெரியும்.

ஒரு நாள் ராத்திரி டேட்டாபேஸ் ஃபோல்டர் ஒண்ணு காணோம். லாக்ல அண்ணன் பேர். டேமேஜர் முடிவே பண்ணிட்டார்: "வெளியிலேர்ந்து உள்ள பூந்துட்டான், போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுங்க." அண்ணனுக்கு வீட்டுல பொண்ணு பார்த்துக்கிட்டு இருந்த நேரம். ஃபோன்ல, "தம்பி, நான் அந்தப் பக்கமே வரலையேடா"ன்னார். குரல் நடுங்குச்சு. லாகின் வந்த முகவரி ஆபீஸுக்குள்ளேயே இருக்கிற ஒரு மிஷின்னு நாங்க மூணு பேர் தோண்டி எடுத்துக் காட்ட 3 நாள் ஆச்சு. நைட் ஷிஃப்ட்ல யாரோ இடம் காலி பண்ணப் போய் கை தவறியிருக்காங்க. யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலை. தெரியவும் தெரியாது, பத்து பேருக்கும் ஒரே பேர்தானே.

செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள். முதல் யூசருக்கு மனுஷன் பேர் வைக்காதீங்க, வேலையோட பேர் வைங்க. ரூட்டையும் அந்த யூசர் பாஸ்வேர்டையும் பூட்டிடுங்க. ஃபைல்ல எஸ்எஸ்ஹெச் பப்ளிக் கீ மட்டும் போடுங்க. அது பூட்டு மாதிரி, சாவி இல்லை. யார் படிச்சாலும் கவலையில்லை. மிஷின் எழுந்ததும் ஆன்சிபிள் மாதிரி ஒண்ணு அந்த வழியா உள்ள போய், ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க பேர்ல தனி அக்கவுண்ட் போடட்டும். ஒருத்தர் வேலையை விட்டா அவர் பேரும் அன்னிக்கே போயிடணும்.

டெபியன், உபுண்டு, இப்போதைய ரெட் ஹாட் எல்லாத்துலயும் முதல் யூசருக்கு வழக்கமா வர்ற நம்பர் 1000. நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்க சர்வர்ல அந்த 1000 யாருன்னு பாருங்க. அவர் இப்ப எங்க வேலை பார்க்கிறார்னு விசாரிங்க.

டிஸ்கி: அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. இப்பல்லாம் டெஸ்ட் மிஷினுக்குக் கூட தன் பேர் வைக்கிறதில்லையாம் :-)