டீசல் தொட்டியும் நம் தம்பிமாரும்

ஆழ்குழாய்க் கிணறு தோண்ட நாகபுரிப் பக்கம் வரும் திருச்செங்கோட்டுத் தம்பிமார் பொங்கலன்று நம் இல்லத்தில்தான் உண்பர். துளையிடும் வண்டிக்கு டீசல் கொண்டு செல்ல அவர்கள் பிக்கப் வண்டியில் தொட்டி பொருத்துகின்றனர். ரயில்வேயில் சரக்கு எடை எழுதிப் பழகிய நாம் அவர்களுக்குக் கூறுவது இதுவே.

முதலில் பாரத்தைக் கணக்கிடுக. 400 லிட்டர் டீசல் ஏறத்தாழ 330 கிலோ. தொட்டியின் எடை தனி. பின்கதவோரம் வைத்தால் முன்சக்கரங்களின் பிடி தளரும். ஆதலின் ஓட்டுநர் அறையை ஒட்டி வைத்து, அடிச்சட்டத்துடன் போல்ட்டு கொண்டு பிணைத்தல் வேண்டும். பாதி நிரம்பிய தொட்டியில் எண்ணெய் அலைமோதி, திருப்பத்தில் வண்டியையே சாய்க்கக்கூடும். உள்ளே தடுப்புத் தகடுகள் இன்றியமையாதன. டீசல் தொட்டியில் பெட்ரோல் ஊற்றவே கூடாது.

பிளாஸ்டிக் பீப்பாயைக் கயிற்றால் கட்டினால் சிறிது பணம் மிஞ்சலாம். ஊரில் வழிபார்த்திருக்கும் அன்னைக்கு அம்மிச்சம் எதற்கு?